என் துண்டு எங்கே

புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் பெயரைப் பார்த்தபோதுகூட அவளுக்குச் சந்தேகம்தான். அந்தப் பெயரில் நூறு பேர் இருப்பார்கள். வயதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. இருக்கிற வயதில் ஆறேழு வருடத்தைக் கூசாமல் வெட்டி எறிந்திருந்தாள் அந்தச் சீட்டுக்குரியவள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அப்படி வெட்டக்கூடிய நெஞ்சழுத்தம் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளுடைய நாத்தனார்.

புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினின் அடியில் மூன்று வெளிறிய நூல்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் அரைத் தீக்குச்சி நீளம், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். தடித்த ஊசியைச் செலுத்தி எடுத்த சதை அப்படித்தான் இருக்கும். சீட்டின் கடைசி வரியில் ‘இடது மார்பு’ என்று எழுதியிருந்தது.

அவளை அந்த ஆய்வகத்தில் எல்லோரும் ரிப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகில் புதைத்த சதையை இயந்திரத்தில் சீவும்போது, சீவல்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நாடாபோல நீண்டு வரவேண்டும். மற்றவர்களுக்கு நாலு சீவலில் அறுந்துபோகிற நாடா இவளுக்கு முழ நீளத்துக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கேலிக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளே போனை எடுத்தால் “ரிப்பன் பேசறேன்” என்கிற அளவுக்கு.

நாத்தனார் என்றால் அவள் கணவனின் அக்கா. கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை ஒற்றை ஆளாக நடத்துகிறாள். ஆள் குள்ளம், குரல் அப்படியல்ல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழகியவர்கள் அப்புறம் எந்தப் போலீஸ்காரரைப் பார்த்தும் பயந்ததில்லை என்று சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கினாள். அவன் குடும்பமானதும் அதே வீட்டின் மாடியில் தனக்கென்று ஓர் அறையை வைத்துக்கொண்டு, கீழே நடப்பதையெல்லாம் மாடிப்படியில் நின்றே நடத்திவந்தாள்.

தம்பிக்குப் பெண் பேசும்போது, “பொண்ணு என்ன வேலை பாக்குது?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சதையைப் பதப்படுத்தி மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிற வேலை என்று விளக்கினார்கள். “அதுக்கு நாங்க கசாப்புக்கடைன்னு சொல்லுவோம்” என்றாள் முகத்துக்கு நேராக. கல்யாணமான நாளிலிருந்து ரிப்பன் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் படியின் மேலிருந்து ஒரே கேள்வி இறங்கிவரும்: “கையக் கழுவினியா?” ரிப்பன் அதற்காக ஆத்திரப்பட்ட காலம் உண்டு, அழுத காலமும் உண்டு. ஆனால் குழந்தை பிறந்தபிறகு, வேலையை விட்டுவிடேன் என்று கணவன் ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்தபோது, “அவ வேலைய விட்டா உன் காலை ஒடிப்பேன்” என்று தம்பியிடம் சொன்னதும் இதே நாத்தனார்தான். அவளை எந்தக் கணக்கில் வைப்பது என்று ரிப்பனுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

நேற்று மாடிப்படி இறங்கும்போது நாத்தனார் இடக்கையை உடம்போடு ஒட்டிவைத்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு, “ஒருத்தி பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டா. சுளுக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஊசியால் சதை எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தானே போய்ப் படுத்து, ஊசி போட்டுக்கொண்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறாள்.

ரிப்பன் புட்டியை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனாள். நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டரம்மா அவர். வார்த்தைகளைச் சில்லறையாக எண்ணிச் செலவழிக்கிற ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காதுக்கம்பியைக் கடித்தார்.

“சொந்தக்காரங்களோடது வந்தா வேற ஆள்கிட்ட குடுக்கறதுதான் நல்லது. கை நடுங்கும்.”

“நடுங்கினா நானே நிறுத்திடறேன் மேடம்.”

“ஏன், இதை நீதான் செய்யணும்னு?”

பாசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். “இவ்ளோ வருஷமா இந்த வேலைய அவங்க ஒரு வேலையாவே மதிச்சதில்ல மேடம்” என்றாள் ரிப்பன். “இப்ப அவங்களுக்கே வந்திருக்கு. இதை இன்னொருத்தர் கையில குடுத்துட்டு நான் சும்மா நிக்க மாட்டேன்.”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று நூல்களையும் இடுக்கியால் எடுத்து, பார்த்து, மெல்லிய தாளில் மடித்து, சிறுவிரல் அகல பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். ரிப்பன் கூட்டின் விளிம்பில் பென்சிலால் எண்ணை எழுதினாள். பேனா மை, சதையை ஊறவைக்கும் சாராயத்தில் கரைந்து ஓடிவிடும். பென்சில்தான் கடைசிவரை நிற்கும். அன்று வேலை முடிந்து கிளம்புமுன், மற்ற கூடுகளோடு அதையும் இயந்திரத்தின் கூடையில் இறக்கினாள். இனி விடிகிறவரை அது தன்பாட்டுக்கு ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு முங்கி எழும். சாராயம் சதையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சும். சைலீன் என்கிற திரவம் சாராயத்தை விரட்டும். காலியான இடத்திலெல்லாம் உருகிய மெழுகு போய் உட்காரும். அவசரப்படுத்த முடியாத வேலை. யார் வீட்டுச் சதையானாலும் ஒரே நேரம்தான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். “கையக் கழுவினியா?” என்று மேலிருந்து குரல் வந்தது. எப்போதும்போலத்தான் இருந்தது அது, ஒரு இழைகூடப் பிசகாமல். ரிப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாத்தனார் படியில் நின்று வலக்கையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“கழுவிட்டேன் அண்ணி.”

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“வெயில்.”

நாத்தனார் திரும்பி அறைக்குள் போய்விட்டாள்.

கணவன் படுக்கையறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அலுவலகத்திலிருந்து நேரமே வந்துவிட்டிருந்தான். கதவைச் சாத்தச் சொன்னான். ஊசி போட்ட சர்ஜன் அவனோடு பள்ளியில் படித்தவர். போன் செய்து சொல்லிவிட்டாராம். தொட்டுப் பார்த்த வரையில் தனக்குத் திருப்தியில்லை என்றும் சொன்னாராம்.

“நாளைக்கு ரிசல்ட் வந்துடுமில்ல?”

“மேடம் பாக்கணும்.”

“வந்ததும் எனக்குத்தான் முதல்ல தெரியணும். சர்ஜன்கிட்டயும் சொல்லிட்டேன். அக்காகிட்ட கொழுப்புக் கட்டின்னு சொல்லி, கட்டிய எடுக்கணும்னு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“அப்புறம் மருந்து ஏத்தும்போது முடி கொட்டுமே? அதுக்கு என்ன சொல்லுவீங்க, தண்ணி சரியில்லன்னா?”

“அப்ப பாத்துக்கலாம்.”

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்கறீங்க. அதுவும் யாருக்கிட்ட, உங்க அக்காகிட்ட.”

அவன் எழுந்துவிட்டான். அடங்கிய குரலில்தான் பேசினான்; அவன் கோபம் எப்போதும் அடங்கியே வரும். “உனக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கு இதேதான். தெரிஞ்ச அன்னிக்குப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்ல. பயம்தான் கொன்னுச்சு அவங்கள. நான் கட்டில் பக்கத்துல நின்னு பாத்தேன். திரும்ப இன்னொரு வாட்டி என்னால அதப் பாக்க முடியாது.” அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அக்காவின் தோளில் ஏறி வளர்ந்தவன். இருந்தாலும் அந்தப் பாவத்துக்குள்ளேயே ஏதோ ஒன்று அவளுக்கு நெருடியது. தன்னால் முடியாது, தன்னால் பார்க்க முடியாது என்று அவன் சொன்னதில் எல்லாம் அவன்தான் இருந்தான். ஊசி குத்தப்பட்டவள் மேலே தனியாக இருந்தாள்.

“நீயும் வாயத் திறக்கக் கூடாது” என்றான். “முதல்ல நீ என் பொண்டாட்டி. அதுக்கப்புறம்தான் லேப்காரி.”

“முதல்ல அவங்க பேஷண்ட்டு” என்றாள் ரிப்பன். “அதுக்கப்புறம்தான் உங்க அக்கா.”

அன்றிரவு அந்த வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் அவரவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் கூட்டைத் திறந்தபோது நூல்கள் மெழுகு குடித்து விறைத்திருந்தன. சின்ன உலோக அச்சில் உருகிய மெழுகை ஊற்றி, சூடான இடுக்கியால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில் படுக்கவைத்தாள். ஒன்று கொஞ்சம் தலை தூக்கினாலும் சீவும்போது அது மட்டும் விட்டுப்போகும். அந்த விட்டுப்போன இடத்தில்தான் நோய் இருந்துதொலைக்கும். இடுக்கி நுனியால் ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்திப் பிடித்து, மெழுகு பால்போல வெளுக்கிறவரை காத்திருந்தாள். அச்சிலிருந்து கட்டியைப் பெயர்த்தாள். சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. அதற்குள் மூன்று கோடுகள்.

இயந்திரத்தில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். ஒரு தலைமயிரைப் பதினைந்தாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு சீவல். முதல் சீவல் சுருண்டது. இரண்டாவதில் பிளேடின் தடம் கீறலாக விழுந்தது. மூன்றாவது நொறுங்கிவிட்டது. அவளுக்குப் புரிந்தது. கை நடுங்கவில்லை. நேற்று ராத்திரிச் சண்டையைச் சக்கரத்தில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். முதல்ல நீ என் பொண்டாட்டி, ஒரு சுற்று. வாயத் திறக்கக் கூடாது, இன்னொரு சுற்று. பெரிய சதைத் துண்டு என்றால் நாலு சீவல் வீணானாலும் போகட்டும் என்று விடலாம். இது மூன்று நூல். இதை இயந்திரம் தின்று தீர்த்துவிட்டால் நாத்தனார் மறுபடி போய் ஊசிக்கு மார்பைக் காட்டவேண்டும்.

சக்கரத்தைப் பூட்டினாள். மெழுகுக் கட்டியின் முகத்தில் பனிக்கட்டியை வைத்தாள். பிளேடை மாற்றினாள். ஜன்னலருகே போய் நின்று, வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் இருவர் ஒரே இடத்துக்கு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் தணியவில்லை, தணியவேண்டாம் என்றும் தோன்றியது. ஆனால் அது கையை விட்டு இறங்கி வேறெங்கோ ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. திரும்பிவந்து சுற்றினாள். ஒன்று, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று, அதன் பின்னே இன்னொன்று. ஒவ்வொரு சீவலிலும் மூன்று கோடுகளும் முழுசாக இருந்தன.

கண்ணாடியில் ஏற்றி, காயவைத்து, மெழுகைக் கரைத்து, சாயத் தொட்டிகளில் முக்கினாள். முதல் சாயம் உயிரணுக்களின் கருவை நீலமாக்கும். அடுத்தது மற்றதையெல்லாம் ரோஜா நிறமாக்கும். அதுவரை ஒன்றுமில்லாததுபோல் இருந்த இடத்தில் பூவிதழின் சாயலில் மூன்று கோடுகள் எழுந்தன. அவள் பக்கத்திலேயே ஒரு நுண்ணோக்கி இருந்தது. சாயம் ஏறியிருக்கிறதா என்று எல்லாக் கண்ணாடியையும் அதில் ஒருமுறை பார்ப்பது வழக்கம். இதை மட்டும் வெறுங்கண்ணால் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேடம் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் மேடம் கூப்பிட்டார்.

“உக்காரு ரிப்பன்.”

“நிக்கறேன் மேடம்.”

“இருக்கு” என்றார் மேடம்.

ரிப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் நாலஞ்சு ஸ்லைடு வேணும். வேற சாயம் போட்டு, எந்த மருந்துக்குக் கேக்கும்னு பாக்கணும். அதுக்கு முன்னாடி நல்லது கெட்டது எதையும் சொல்றது சரியில்ல.” கண்ணாடியைக் கழற்றினார். “சர்ஜன் போன் பண்ணார். உன் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து ரிப்போர்ட்ட வாங்கிக்குவாராம். பேஷண்ட்டுக்குத் தெரிய வேணாமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சர்ஜனுக்கு அனுப்பறேன்னு சொன்னேன். அதுக்கு மேல என் கைல இல்ல.”

“பேஷண்ட்டே வந்து கேட்டா?”

மேடம் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். “கேட்டா, அவங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?”

ரிப்பன் வெளியே வந்தாள். நடைபாதையின் கோடியில் குழாயடி இருந்தது. அங்கே நின்று போனை எடுத்தாள். கணவனின் முகம் ஒருகணம் வந்து போயிற்று, விளக்குப் போடாத அறையில் உட்கார்ந்திருந்த முகம். எண்ணை அழுத்தினாள்.

“அண்ணி, நான் எதுவும் சொல்லல” என்றாள். “எங்க மேடம் நாலு மணி வரைக்கும் இருப்பாங்க. அவ்ளோதான்.”

மறுமுனையில் காரின் இன்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் யாரிடமோ, “ஓரங்கட்டு” என்றாள். டிக் டிக் நின்றது.

“என்னுது உன்கிட்டதான் வந்துச்சா?”

“என்கிட்டதான் வந்துச்சு.”

“கையக் கழுவினியா?”

“கழுவிட்டுத்தான் தொட்டேன்.”

“வரேன்” என்றாள் நாத்தனார்.

ஆய்வகத்தின் முன்வாசலில் ஓர் ஊழியர் உட்கார்ந்திருப்பார். உள்ளே யாரையும் விடாமல் இருப்பதுதான் அவர் வேலை. கொஞ்சநேரத்துக்கெல்லாம் அங்கிருந்து சத்தம் கேட்டது.

“என் துண்டு எங்க?”

“துண்டெல்லாம் இங்க வெக்கிறதில்லம்மா. வார்டுல மறந்துட்டு வந்திருப்பீங்க, அங்க போய்க் கேளுங்க.”

“தலை துவட்டுற துண்டு இல்லய்யா! என் துண்டு! என் உடம்புலேர்ந்து எடுத்த துண்டு!”

ரிப்பன் ஓடினாள். நாத்தனார் ஊழியரின் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், வாசலில் மூச்சுவாங்க வந்து நின்றான் கணவன். சாயங்காலம்வரை பொறுக்காமல், அறிக்கையை வாங்க அவனும் அப்போதுதான் வந்திருந்தான். அக்காவின் கார் வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கவேண்டும். ரிப்பனை அவன் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

“அக்கா, வா, வீட்டுக்குப் போலாம்” என்றான். “ஒண்ணுமில்ல. சர்ஜன் சொல்லிட்டாரு. வெறும் கொழுப்புக் கட்டி.”

நாத்தனார் திரும்பினாள். “ஒண்ணுமில்லாததுக்கா நீ ஆபீஸுக்கு லீவு போட்ட?”



“அக்கா, நீ தாங்க மாட்ட. அம்மா மாதிரி...”

“அம்மாவுக்கு யாருடா சொன்னா?” என்றாள் நாத்தனார். இப்போது குரல் இறங்கிவிட்டது. மேசைக்கார ஊழியர்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார். “உனக்கு அப்ப என்ன வயசு. நான் இருந்தேன் அந்த வீட்ல. அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் சேர்ந்து பேசி, அவகிட்ட சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. அவளுக்கு என்ன வியாதின்னு பால்காரனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. போறவங்க வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் பாத்து, ‘எனக்கு என்ன, எனக்கு என்ன’ன்னு கேட்டுட்டே கெடந்தா. அதுக்கப்புறம் கேக்கறதையும் நிறுத்திட்டா. பயத்துல சாகலடா அவ. யாரும் பதில் சொல்லாம செத்தா.”

கணவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அத்தனை வருடமாக வேறொரு மாதிரி சுமந்துவந்ததை எங்கே இறக்குவது என்று தெரியாத முகம்.

நாத்தனார் ரிப்பனிடம் திரும்பினாள். “நீ சொல்லு. இருக்கா, இல்லியா?”

சொல்லும் உரிமை ரிப்பனுக்கு இல்லை. மேடத்துக்குத்தான் உண்டு. ஆனால் கையைப் பிடிக்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. நாத்தனாரின் வலக்கையைப் பிடித்தாள். சின்னக் கை, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. “வாங்க அண்ணி” என்றாள். ஊழியர், “உள்ள வெளியாளுங்களுக்கு...” என்று ஆரம்பித்தார். “இவங்க வெளியாள் இல்ல” என்றாள் ரிப்பன். “நேத்துலேர்ந்து உள்ளதான் இருக்காங்க.”

கணவன் குறுக்கே ஓர் அடி வைத்தான். ரிப்பன் நிற்கவில்லை. அவன்தான் கடைசி நொடியில் விலகினான்.

மேடம் எழுந்து நின்றார். முதலில் ஒரு நாற்காலி போட்டார். பிறகு மிகவும் நேராக, ஒரு சொல்லையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். புற்றுநோய் என்ற சொல் அந்த அறையில் அவர் குரலில்தான் முதன்முறையாக ஒலித்தது. நாத்தனார் அசையாமல் கேட்டாள். ரிப்பன் பிடித்திருந்த கை ஒருகணம் அவள் விரல்களை எலும்பு நோக நெரித்தது; பிறகு மெல்லத் தளர்ந்தது.

“எனக்கு அதக் காட்டுங்க” என்றாள் நாத்தனார்.

“ரிப்போர்ட் டைப் ஆகிட்டிருக்கு...”

“பேப்பர் வேணாம். அந்தத் துண்டு. இதுல வெச்சுத்தான பாத்தீங்க?” நுண்ணோக்கியைக் கைகாட்டினாள்.

மேடம் தயங்கினார். “இங்க பேஷண்ட்டுக்குக் காட்டற வழக்கமில்ல. பாத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் புரியாது. வீணா மனசு கஷ்டப்படும்.”

“என் வண்டி ரோட்டுல நின்னுபோனா பானெட்டைத் தூக்கிப் பாப்பேன் டாக்டர். பாத்த உடனே சரியாயிடும்னா பாக்கறேன்? என் வண்டி, அதான் பாக்கறேன்.”

“மேடம், காட்டலாம்” என்றாள் ரிப்பன். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கி அது. மாணவர்களுக்காக வாங்கியது. மேடம் சீவல் ஒட்டிய கண்ணாடியை வைத்து ஒளியைச் சரிசெய்தார். நாத்தனார் எதிர்ப்பக்கம் குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிகிறது என்றாள். மேடம் உயரத்தைச் சரிசெய்தார்.

“இதுல எது நான், எது அது?” என்றாள் பிறகு.

மேடம் உள்ளே தெரிகிற சின்ன அம்பை நகர்த்தினார். “இது நீங்க. இந்த வட்டம் வட்டமா, ஒழுங்கா சுத்தி நிக்குது பாருங்க. பால் வர்ற குழாய். இங்கயும் நீங்கதான். இப்ப இந்தப் பக்கம் வாங்க... இதுதான் அது.”

“இந்தக் கன்னாபின்னான்னு போறதுங்களா?”

“அதேதான்.”

“லைனும் இல்ல, சிக்னலும் இல்ல. முந்தறதுக்கு வழி பாத்துட்டு நிக்குதுங்க” என்றாள் நாத்தனார். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “எங்கேர்ந்து வந்துச்சுங்க?” என்று கேட்டாள் நாத்தனார்.

“வெளியிலேர்ந்து வரல. உங்களுதுதான். ஒழுங்கா இருந்ததுல கொஞ்சம் ஒழுங்கு கெட்டுப்போயிடுச்சு.”

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். கண் கலங்கியிருந்தது. கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் ரப்பர் பதிந்த வட்டம். “சரி” என்றாள். “மூஞ்சியப் பாத்தாச்சு. இனிமே யாரு எதச் சொன்னாலும் எதப் பத்திப் பேசறாங்கன்னு எனக்குத் தெரியும்.” பின்னாலேயே வந்து கதவருகே நின்ற தம்பியைப் பார்த்தாள். “டேய், வந்து பாரு.”

“வேணாங்க்கா.”

“வந்து பாருடா. நீ நெனச்சுப் பயப்படறத விட இது சின்னதா இருக்கு.”

அவன் வந்தான். பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். தோள்கள் குலுங்கின. நாத்தனார் அவன் முதுகில் கைவைத்தாள், இடக்கையை. தூக்கும்போது வலித்திருக்கவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணை எடுக்காமலே அவன் ரிப்பனிடம், “நீ பாத்தியா?” என்று கேட்டான். “இன்னும் இல்ல” என்றாள் அவள். அவன் நகர்ந்து இடம் விட்டான். அவர்களுக்கிடையே இருந்த கணக்கு தீர்ந்துவிடவில்லை. வீட்டுக்குப் போய் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டியது இன்னும் நிறைய இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். சாயம் நன்றாகத்தான் ஏறியிருந்தது.

“ரிப்பன், அந்த நாலஞ்சு ஸ்லைடு” என்று மேடம் நினைவுபடுத்தினார்.

“இப்பவே வெட்டறேன்.”

“நானும் வரேன்” என்றாள் நாத்தனார். மேடம் வாயைத் திறந்தார். பிறகு, சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்டு, ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கி இரண்டை எடுத்துக் கொடுத்தார். நாத்தனாருக்கு அது கணுக்கால்வரை வந்தது. தம்பிக்குப் பித்தான் போடமுடியவில்லை.

ரிப்பன் மெழுகுக் கட்டியை மறுபடி பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். நாடா நீண்டு வந்தது. அதைத் தூரிகை நுனியால் தாங்கி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியின் மேல் கிடத்தினாள். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீங்கி, சீவல்கள் தண்ணீரில் கண்ணாடிபோலப் படர்ந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று மங்கலான கோடுகள்.

“இதுவா நான்?” என்று நாத்தனார் கேட்டாள்.

“கிட்ட வராதீங்க அண்ணி. மூச்சுக் காத்து பட்டாக்கூட ஓடிடும். கொஞ்சம் அடக்கிக்கோங்க, நான் எடுத்துடறேன்.”

மூவரும் தொட்டியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். சீவல்களை ஏந்தி எடுக்க ரிப்பன் கண்ணாடித்துண்டைச் சாய்வாகத் தண்ணீருக்குள் இறக்கினாள். நாத்தனார் ஓரக்கண்ணால் தம்பியைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, முழுவதும் சிவந்துபோய், தண்ணீருக்குள் முங்குகிறவன்போல அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உதட்டைக் கடித்தாள். தாங்கவில்லை. சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது. தண்ணீர் சிலிர்த்தது. நாடா நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மெல்லத் திரும்பி, தொட்டியின் அந்த ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. ரிப்பன் கண்ணாடித்துண்டைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல் அதன் பின்னாலேயே போனாள்.